அழாத பிள்ளை

ஜூன் 3, திங்கள்

மனநல டாக்டரம்மா ஒரு நோட்டு வாங்கி எழுதச் சொன்னார். மகள் எத்தனை மணிக்கு எழுகிறாள், என்ன சாப்பிடுகிறாள், மாத்திரை போட்டாளா, பதற்றம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றெல்லாம் குறிக்க வேண்டுமாம். "தினமும் எழுதிருவீங்களா சார்?" என்று சந்தேகமாக வேறு கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருடம் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதியவன். மூன்று நிமிடம் தாமதம் என்றாலும் சிவப்பு மையில் எழுதுவேன். டைம் கீப்பர் ஆசீர்வாதத்தைத் திட்டாத டிரைவர் பாளையங்கோட்டையில் கிடையாது.

எனவே எழுதுகிறேன். மகள் பெர்சிஸ், வயது முப்பத்தொன்று. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மே 12-ஆம் தேதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். மாப்பிள்ளை கிங்ஸ்டன் சென்னையில் இருக்கிறார், சனி ஞாயிறுகளில் வருகிறார். பேத்தி ஜோவிக்கு இரண்டு வயது நான்கு மாதம். என் மனைவி லீதியாள் இறந்து நான்கு வருடம் ஆகிறது.

இன்று: எழுந்தது 5.20. இட்லி ஒன்று, அதிலும் பாதி. மாத்திரை போட்டாள். பதற்றம் காலை 10.15-க்கு, இருபது நிமிடம். காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

எழுந்தது 4.50. சாப்பிடவில்லை. குளிக்கவில்லை. மாத்திரை போட்டாள்.

ஜூன் 6, வியாழன்

பெர்சிஸ் எழுந்ததும் முகம் கழுவுவதில்லை. முதலில் எல்லா அறைகளுக்குள்ளும் ஒரு சுற்று போய்வருகிறாள். என் அறையில் எட்டிப் பார்க்கிறாள், அடுக்களையில் பார்க்கிறாள், பின்வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகுதான் தண்ணீரில் கை வைக்கிறாள். "என்னட்டி, செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி?" என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. லீதியாள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எட்டாம் வகுப்பு வரை நின்றாள். அம்மா மேல் பாசம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

மாப்பிள்ளைக்கு இன்று பதினான்கு தடவை போன் செய்தாள். "ஆபீஸ் போய்ச் சேந்தாச்சா? சாப்பிடப் போறீங்களா? யார் கூட? திரும்பி சீட்டுக்கு வந்தாச்சா?" அவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். நானாக இருந்தால் பத்தாவது தடவை போனை அணைத்துவிடுவேன்.

செல்லக்கனி சமையலுக்கும் பாத்திரத்துக்கும் காலையிலேயே வந்துவிடுகிறாள். ஜோவி என் பொறுப்பு. அதில் எனக்குக் கஷ்டமே இல்லை. இன்று வாசற்படியில் தடுக்கி விழுந்து, வாயைத் திறந்து, அழுகை வெளியே வருவதற்குள் "அன்னா பாரு, தூத்துக்குடி பஸ்!" என்றேன். அப்படியே வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். வீடு மெயின் ரோட்டில் இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி போகும். எந்தப் பிள்ளையின் அழுகையையும் அரை நிமிடத்தில் நிறுத்துவேன். இது எனக்குக் கைவந்த வித்தை.

பெர்சிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ விழுந்தது வலிக்கும்லப்பா" என்றாள்.

ஜூன் 8, சனி

மாப்பிள்ளை வந்தார். ஜோவியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். குழந்தை கெக்கலித்துச் சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. பெர்சிஸும் சிரித்தாள், நான் பார்த்தேன். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. நோட்டில் எழுதலாம் என்று எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். கை ஜில்லென்று இருக்கிறது. முப்பத்தைந்து நிமிடம் நீடித்தது.

ஓய்ந்த பிறகு கேட்டேன். "என்னம்மா, நல்லாத்தான சிரிச்சிக்கிட்டு இருந்த?"

"அதாம்ப்பா. நல்லா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"நல்லா இருந்தா என்னத்துக்குப் பயம்?"

"தெரியல. புரமோஷன் சொன்ன அன்னைக்கு பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். ஜோவி பிறந்து கையில தந்தப்ப, இப்ப ஏதோ ஒண்ணு போகப்போவுதுன்னு தோணிச்சு. சந்தோஷமா ஒண்ணு நடந்தா, அதுக்குப் பின்னால யாரோ ஏதோ எடுத்திட்டுப் போயிட்டு இருக்காங்கன்னு தோணும். திரும்பிப் பாத்தா இருக்காது."

ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தேன். ஆறிப்போய்விட்டது, செல்லக்கனி கொட்டினாள்.

ஜூன் 10, திங்கள்

டாக்டரம்மாவிடம் போனோம். என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு துல்லியமா யாரும் எழுதினதே இல்ல சார்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பெர்சிஸை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், காய்ச்சலில் ஜன்னி வந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பத்தாவது மாதத்தில் நடந்தாள். எல்லாம் நார்மல்.

"சின்ன வயசுல அம்மாவையோ உங்களையோ ரொம்ப நாள் பிரிஞ்சு இருந்தாங்களா?"

"அவ அம்மா நர்சு, சவுதிக்குப் போயிருந்தா. மூணு வருஷம். அப்ப நெறைய பேரு போனாவ. எங்க அக்கா கூட இருந்து பாத்துக்கிட்டா. ஒரு குறையும் இல்ல."

"எத்தன வயசுல?"

"ரெண்டு, ரெண்டேகால்."

"அம்மா போனப்ப எப்படி இருந்தாங்க?"

"சமத்து டாக்டர். அழவே இல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. தெருவே ஆச்சரியப்பட்டுச்சு."

டாக்டரம்மா பேனாவை மேஜை மேல் வைத்தார். பிறகு எடுத்து ஏதோ எழுதினார். அரை நிமிடம்தான் இருக்கும், ஆனால் அந்த அரை நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அழாத பிள்ளைய நாம சமத்துன்னு சொல்லுதோம் சார். சில பிள்ளைங்க, அழுது பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சுதான் நிறுத்துவாங்க" என்றார். உடனே, இதனால்தான் இது என்று யாராலும் கோடு போட்டுச் சொல்ல முடியாது, பிறவிச் சுபாவம், பிரசவத்துக்குப் பிந்திய மாற்றம், வேலைப்பளு எல்லாம் சேர்ந்து வருவது என்றும் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

எழுந்தது 4.30. ஒரு வாழைப்பழம். டாக்டரம்மா அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

இந்த நோட்டு மகளைப் பற்றி எழுதத்தான். ஆனாலும் டாக்டரம்மா கேட்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

1995-ஆம் வருடம், ஆகஸ்டு. லீதியாளுக்கு ரியாத்தில் வேலை கிடைத்தது. இந்த வீடு அப்போது தளம் போடாமல் பாதியில் நின்றது. எல்லாரும் போகச் சொன்னார்கள், நானும் சொன்னேன். குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினால் தாய்க்கும் மனசு கேட்காது, பயணத்துக்கும் நல்லதல்ல என்று, குழந்தை கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான் போவார்கள். கடைக்குப் போகிறவர்களே அப்படித்தானே போகிறார்கள்.

பெர்சிஸ் அழவில்லை. வீட்டுக்குள் தேடினாள், அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அரிசி டிரம்மின் மூடியைத் திறக்கச் சொன்னாள். சில மாதங்கள் காலையில் எழுந்ததும் தேடுவாள். கண்ணாமூச்சி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டோம்.

லீதியாள் கேசட்டில் பேசி அனுப்புவாள். அப்போது அதுதான் வழக்கம், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். டேப் ரிக்கார்டரைப் போட்டதும் பெர்சிஸ் அதன் பின்பக்கம் போய்ப் பார்ப்பாள். ஒருநாள் டேப் ஓடவில்லை. மெக்கானிக் திறந்தார். உள்ளே பிஸ்கட் தூள். அம்மாவுக்குப் பசிக்கும் என்று கேசட் போடும் வாய் வழியாகத் திணித்திருக்கிறாள். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டைம் ஆபீசில் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இன்று எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஜூன் 15, சனி

இன்று நடந்தது என் தப்பு. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாப்பிள்ளைக்கு இந்த வாரம் வர முடியவில்லை. பால் வாங்க வேண்டியிருந்தது. பெர்சிஸ் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சொல்லிவிட்டுப் போனால் எங்கே, எப்போது வருவீர்கள் என்று ஆரம்பிப்பாள், பதறுவாள். பத்து நிமிட வேலை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக, தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் திறந்து போனேன்.

திரும்பி வரும்போது 7.25. பெர்சிஸ் மெயின் ரோட்டில் நிற்கிறாள். காலில் செருப்பில்லை, தலை விரிந்து கிடக்கிறது. வருகிற போகிற வண்டிகளுக்கு நடுவில் இங்கும் அங்கும் ஓடுகிறாள். ஒரு லாரிக்காரன் பிரேக் போட்டுத் திட்டினான். செல்லக்கனி ஜோவியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்று கத்துகிறாள். நான் பால் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் சட்டையை இப்படி இழுத்துப் பிடித்து அவள் ஒருநாளும் பேசியதில்லை.

"சொல்லிட்டுப் போங்கப்பா! நான் பதறினா பதறிட்டுப் போறேன். சொல்லிட்டுப் போங்க! பின்வாசல் தாழ்ப்பா திறந்து கிடக்கு. நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"பால் வாங்கத்தாம்மா போனேன். பத்தே நிமிஷம்."

"எனக்கு அது பத்து நிமிஷமா தெரியலப்பா."

ஒன்றேகால் மணி நேரம் அவளுக்கு மூச்சு சீராகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓடாத வண்டியை டிப்போவுக்கு இழுத்துப் போகச் சொல்லலாம், ஸ்பேர் பஸ் விடச் சொல்லலாம். இதற்கு யாரிடம் போய்ச் சொல்வேன்.

மத்தியானம் படுத்துக்கொண்டே, "நான் இல்லன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதிப்பா" என்றாள். சத்தம் போடாமல், மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள். உடனே மாப்பிள்ளையையும் டாக்டரம்மாவையும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அதன் பிறகு அவளை விட்டு ஓர் அடி நகரவில்லை.

ஜூன் 17, திங்கள்

டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பதினான்கு நாள். மாப்பிள்ளை லீவு போட்டு இங்கேயே வந்துவிட்டார், அவர்தான் அங்கேயும் கூட இருக்கப்போகிறார். வார்டில் குழந்தைகளை விடமாட்டார்கள். ஜோவி என்னிடம் இருப்பாள். வெள்ளிக்கிழமை காலை கிளம்ப வேண்டும்.

வாடகைக் காரில் திரும்பி வரும்போது பெர்சிஸ், "ஜோவிக்கு ரெண்டேகால் வயசு" என்று மட்டும் சொன்னாள். ரெண்டு வயசு நாலு மாசம் என்று நான் திருத்தினேன். திருத்திய பிறகுதான், அவள் சொன்னது யாருடைய வயது என்று உறைத்தது.

ஜூன் 18, செவ்வாய்

செல்லக்கனி அடுக்களையில் திட்டம் சொன்னாள். "அண்ணாச்சி, பிள்ளைகிட்ட சொல்லிட்டு யாராவது போவாவளா? நீங்க வெள்ளிக்கிழமை காலையிலே அவளத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருங்க. டிரைவர் சீட்டுல உக்கார வச்சு ஹாரன் அடிக்க விட்டா ஒரு மணி நேரம் ஓடிரும். அதுக்குள்ள இவுக பின்வாசல் வழியா காருல ஏறிருவாவ. வந்து பாத்தா அம்மா இல்ல. ரெண்டு நாள் தேடும், மறந்திரும்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

பதின்மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு பாதிதான் இருக்கிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

லீதியாள் பின்வாசல் வழியாகத் தானாகப் போகவில்லை. நான் போகவைத்தேன். அவள் முதல் நாளே, "நான் அவகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். அவளுக்குப் புரியும்" என்று அழுதாள். "உனக்குப் பைத்தியமா? பிள்ளை கத்திச்சுன்னா நீ பிளேன் ஏறவே மாட்ட" என்று நான்தான் சத்தம் போட்டேன். காலையில் பெர்சிஸைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். புது வண்டி ஒன்று வந்திருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் அடிக்கவிட்டேன். அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பைப் பிறகு நான் அவளிடம் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அதுதான் ரொம்பச் சந்தோஷமான காலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை.

ஒரே ஒரு தடவை நடந்தது போலவும் எழுதிவிட்டேன். ஒரு தடவை இல்லை. பதினைந்து மாதம் கழித்து லீதியாள் ஒரு மாத லீவில் வந்தாள். குழந்தை முதலில் அவளிடம் போகவே இல்லை. மூன்று வாரம் ஆயிற்று மடியில் உட்கார. நான்காவது வாரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அந்த வாரக் கடைசியில் நான் மறுபடி அவளை டிப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். "ஹாரன் அடி பாப்பா" என்றேன். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா போயாச்சா?"

நான் இல்லை என்று சொன்னேன். வீட்டில்தான் இருக்கிறாள், போனதும் பார்க்கலாம் என்று சொன்னேன். மூன்றரை வயது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து அம்மாவைத் தேடவும் இல்லை. போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்காவிடம், "பாத்தியா, எவ்வளவு சமத்து" என்று சொன்னேன்.

ஜூன் 19, புதன்

பெர்சிஸிடம் சொல்லிவிட்டேன். லீதியாள் மேல் இருந்த பழியையாவது இறக்கிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மா தன்னிடம் சொல்லாமல் போனாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். லீதியாள் சாகும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

ஜோவிக்கு இட்லி ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா. பஸ்ஸு, ஹாரனு எதுவும்."

"ரொம்பச் சின்னப் பிள்ளம்மா நீ."

"அம்மா அழுதாங்களா?"

"அழுதா. பின்வாசல் படியில உக்காந்து அழுதான்னு எங்க அக்கா சொன்னா. நான்தான் டிப்போவுக்குப் போயிட்டேன்ல, பாக்கல."

இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப எல்லாரும் அழுதிருக்காங்க. எனக்கு மட்டும் அழ ஒருத்தரும் இடம் தரல."

"தப்புத்தாம்மா" என்றேன். முப்பது வருடத் தப்புக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அவள் அழுதாள். நானும் அழுதேன். ஜோவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரோட்டைக் காட்டி, "தாத்தா, பஸ்!" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த வித்தை.

பெர்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்பத் தெளிவாகச் சொன்னாள். "நான் ஜோவிகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். முன்வாசல் வழியா, அவ பாக்கப் பாக்கத்தான் போவேன். அவ கத்தட்டும். நீங்க எதையும் காட்டக் கூடாது. எனக்கு வாக்குத் தாங்க."

கொடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. பெர்சிஸ் எழுந்தது 3.40. போகமாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள், போகிறேன் என்று மூன்று தடவை. எண்ணிக்கையில் போவதுதான் ஜெயித்திருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

கார் வந்தது 9.30.

பெர்சிஸ் கேட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஜோவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கைதான் ஆடுகிறது, குழந்தையின் கை இல்லை.

"ஜோவி, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அம்மாவும் அப்பாவும் டாக்டர் வீட்டுக்குப் போறோம். ஜோவி தாத்தா கூட இருக்கணும். நெறைய தடவ தூங்கி எந்திரிக்கணும். அப்புறம் அம்மா வருவேன்."

"நானும்" என்றாள் ஜோவி.

"நீ வர முடியாது தங்கம். அம்மா மட்டும் போறேன்."

குழந்தைக்குப் புரிந்துவிட்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டு வீல் என்று ஒரு சத்தம். தெருவில் எல்லா வீட்டிலும் தலை தெரிந்தது. மாப்பிள்ளை காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். செல்லக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள். பெர்சிஸின் முகம் வெளுத்துவிட்டது, மூச்சு வாங்க ஆரம்பித்தது. இப்படியே விழுந்துவிடுவாள் என்று பயந்துவிட்டேன்.

அப்போது ரோட்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. என் கை தானாக உயர்ந்தது. வாக்குக் கொடுத்தவன்தான். ஆனால் வாய் கேட்கவில்லை. "ஜோவி, அன்னா பாரு, பஸ்!" என்றேன்.

குழந்தை திரும்பினாள். கழுத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பெர்சிஸ் விடுபட்டுவிட்டாள். கார் கதவு நான்கு அடி தூரத்தில் திறந்து கிடக்கிறது. ஏறிவிடலாம். செல்லக்கனி, "போ தாயி, போ" என்று கையை ஆட்டுகிறாள். நானும் போய்விடு என்றுதான் மனதுக்குள் சொன்னேன். எழுதுகிறேன், மறைக்கவில்லை.

பெர்சிஸ் அசையவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், மூன்றரை வயதில் டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தது. என் கை கீழே இறங்கியது.

பஸ் போய்விட்டது. ஜோவி திரும்பினாள். அம்மா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா இப்பப் போறேன் ஜோவி. பாரு, போறேன். வருவேன்."

எழுந்தாள். குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். குழந்தை பார்க்கப் பார்க்க நான்கு அடி நடந்தாள். அந்த நான்கு அடி நடக்க அவள் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, கடைசி வரை குழந்தையிடமிருந்து முகத்தைத் திருப்பாமல் இருந்தாள்.

கார் போனது 9.52.

ஜோவி என் முகத்தில் அடித்தாள், மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், சட்டைப் பையைக் கிழித்தாள். கீழே இறங்கிக் கேட்டில் முட்டினாள். "அம்மா அம்மா" என்று தொண்டை கட்டும் வரை கத்தினாள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் அழுகையை முடியும் வரை கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. எப்படி உட்கார்ந்திருப்பது, கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. "அம்மா போயிட்டா, உனக்கு அழுகையா வருது" என்று மட்டும் சொன்னேன்.

திருச்செந்தூர் வண்டி போனது. தூத்துக்குடி வண்டிகள் பத்துப் பன்னிரண்டு போயின.

அழுகை 9.52 முதல் 12.15 வரை. இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம். நான் எதையும் காட்டவில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். சேர்த்தாகிவிட்டது. பெர்சிஸ் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: "ஜோவி அழுதாளா?" அழுதாள் என்று சொன்னேன். அவர் அதைச் சொல்லும் சத்தம் போனில் கேட்டது. அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

இதெல்லாம் சரியாகுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். பார்க்கலாம் சார் என்றுதான் சொன்னார்.

ஜூன் 22, சனி

ஜோவி எழுந்தது 6.05. என் பக்கத்தில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்ப்பாள், கதவுக்குப் பின்னால் பார்ப்பாள், இப்போது தேட ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

இறங்கினாள். வீட்டுக்குள் எங்கும் தேடவில்லை. நேராக முன்வாசலுக்கு நடந்து, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கார் போன பக்கத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.